வசபி என்னும் சுனைக்கடுகு

வசபி: ஜப்பானின் மலையோடைகளில், நிழலும் குளிர்ந்த தெளிநீரும் உள்ள இடங்களில் தானாக வளரும் கடுகுக் குடும்பத்துச் செடி. தண்டு, காம்பு, இலை, பூ எல்லாமே உண்ணத்தக்கவை. தண்டைத் துருவி எடுக்கும் பச்சை விழுதுக்கும் இதே பெயர்தான்.

முதலில் எழுத்துக்கூட்டலைச் சரிசெய்வோம். வாசாபி, வஸாபி, வசாபி என்று தமிழில் பலவாறாக எழுதுகிறார்கள். ஜப்பானியத்தில் மூன்று எழுத்தும் குறில். பசியில் வரும் சகரத்தையும் கபிலரில் வரும் பகரத்தையும் நாம் எப்படி ஒலிக்கிறோமோ, அதே ஒலிதான் இங்கும். வசபி என்று எழுதினாலே போதும்; கிரந்த எழுத்தும் வேண்டாம், இல்லாத நெடிலும் வேண்டாம்.

இந்தப் பெயரின் பழமை வியக்க வைக்கிறது. நாரா பகுதியின் அசுகாவில் பழைய அரண்மனைத் தோட்டக் குளம் இருந்த இடத்தை அகழ்ந்தபோது, 7-ஆம் நூற்றாண்டு மரச்சீட்டு ஒன்று கிடைத்தது. அதில் இருப்பது ஒரு சரக்குக் குறிப்பு: "வசபி, மூன்று ஷோ." ஷோ என்பது முகத்தல் அளவு. வ, ச, பி என்ற ஒலிகளுக்காக மட்டும் மூன்று சீன எழுத்துகளைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். அவற்றின் பொருளுக்கும் செடிக்கும் தொடர்பில்லை. பிறகு பொருள்வழி எழுதும் முறையும் வந்தது. "மலை" என்பதற்கு ஓர் எழுத்து, "அவோயி" என்ற செடிக்கு ஓர் எழுத்து. அவோயியின் இலை இதய வடிவம். வசபியின் இலையும் அப்படியே. 918 அளவில் தொகுக்கப்பட்ட ஹொன்சோ வாமியோ என்னும் மூலிகை நூல், மலை அவோயி என்று எழுதி, அதன் நாட்டுப் பெயர் வசபி என்று குறிக்கிறது. இன்றும் எழுதுவது மலை அவோயி, படிப்பது வசபி.

ஷிசுவோகாவின் உதோகி என்ற மலையூரில், காட்டு வசபியைப் பெயர்த்து ஊற்றுநீரில் நட்டுப் பயிராக்கியது சுமார் 400 ஆண்டுகளுக்கு முன். அதை அன்று ஜப்பானின் அதிகாரம் கையிலிருந்த படைத்தலைவர் தொகுகவா இயெயசுவுக்குக் காணிக்கையாக அளித்தார்கள் என்பது அவ்வூர் வழக்கு. தொகுகவா குடும்பச் சின்னமே மூன்று அவோயி இலைகள்தாம்!

இனி தமிழ்ச் சொல். "ஜப்பானியக் குதிரைமுள்ளங்கி" என்பது ஆங்கிலப் பெயரின் நிழல். குதிரைமுள்ளங்கி வேறு செடி. குழாய்களில் வசபி என்று விற்கும் விழுதில் பெரும்பாலும் அதையே பச்சை நிறமேற்றி அடைக்கிறார்கள். இந்தப் பெயரை ஏற்றால் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து ஏற்றதாகும்.

செடியின் குணத்திலிருந்து தொடங்கலாம். முழுத் தண்டை முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. சுறாத்தோல் ஒட்டிய பலகையில் மெல்ல வட்டமாகத் தேய்க்கும்போதுதான் செல்கள் உடைந்து, சினிகிரின் என்ற சேர்மமும் மைரோசினேஸ் நொதியும் கலந்து, அல்லைல் ஐசோதயோசயனேட் பிறக்கிறது. அது ஆவியாகும் பொருள்; மிளகாயைப் போல நாக்கில் தங்காமல் மூக்குக்கு ஏறி, கண்ணில் நீர் வரவழைத்து, சட்டென்று அடங்கிவிடும். துருவி வைத்த விழுதும் கால் மணி நேரத்தில் வீரியம் குன்றிவிடுகிறது. தமிழில் இதற்கு நெடி என்ற துல்லியமான சொல் இருக்கிறது. காரம், உறைப்பு என்று இதைச் சொல்வது பொருந்தாது. அரைத்த கடுகின் நெடியும் இதே சேர்மத்தால் வருவதுதான்.

குடும்பத்தாலும் நெடியாலும் இது கடுகு. வாழ்விடத்தால் மலைநீர்ச் செடி. குறிஞ்சித் திணைக்கு நம் இலக்கணம் வகுத்த நீர்நிலைகள் அருவியும் சுனையும். ஆகவே சுனைக்கடுகு என்பதே என் தேர்வு. மலைக்கடுகு என்றால் நீர் விடுபடுகிறது. நீர்க்கடுகு என்றால் மலை விடுபடுகிறது.

எழுதும்போது றன்னகரம் கவனம்: சுணை என்றால் இலைமேல் இருக்கும் அரிக்கும் நுண்முள். சமையற்குறிப்பில் வசபி என்றும், செடியைப் பற்றி எழுதும்போது சுனைக்கடுகு என்றும் வழங்கலாம். ஒலிக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என ஜப்பானியர் ஆயிரம் ஆண்டுகளாக இரண்டையும் வைத்திருக்கிறார்கள்.