ஏற்காடு தனித்தொகுதி: யார் போட்டியிடலாம், யார் வாக்களிக்கலாம்?

சேலம் மாவட்டத்தின் 11 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது ஏற்காடு மட்டுமே. மாநிலத்தின் 234 இடங்களிலும் இத்தகைய தொகுதி இரண்டுதான். மற்றொன்று நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலம். அரசமைப்புச் சட்டத்தின் 332ஆம் பிரிவு, ஒரு மாநில மக்கள்தொகையில் பழங்குடியினரின் பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அதே விகிதத்தில் சட்டமன்ற இடங்களையும் ஒதுக்கச் சொல்கிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அப்பங்கு நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டியது; அதன்படி கிடைத்தவையே இந்த இரண்டு இடங்கள். பழங்குடியினர் செறிந்து வாழும் பகுதிகளிலேயே அவை அமைய வேண்டும் என்று தொகுதி மறுவரையறைச் சட்டம் கூறுவதால், சேர்வராயன் மலைக்கு ஒன்று வந்தது.

ஒதுக்கீடு வேட்பாளருக்கே அன்றி வாக்காளருக்கு இல்லை. இதைப் பலர் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். நாகலூரின் மலையாளிப் பழங்குடியினரும், மலையடிவாரத்தைக் கடந்து வாழப்பாடியில் வசிக்கும் எந்தச் சமூகத்தவரும் ஒரே வேட்பாளர் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்கிறார்கள். அவரவர் வாக்கின் மதிப்பும் சமமே. தொகுதி மலையோடு முடியாமல் சமவெளியிலும் பரந்திருப்பதால், மலையில் மட்டும் வாக்குக் கேட்டு எவரும் இங்கே வென்றுவிட முடியாது.

போட்டியிடுபவர் 25 வயது நிறைந்தவராகவும், தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் உள்ளவராகவும் இருக்க வேண்டும். ஆனால் அவர் பெயர் ஏற்காட்டு வாக்காளர் பட்டியலில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாநிலத்தின் எந்தச் சட்டமன்றத் தொகுதியில் இருந்தாலும் போதும். ஆகவே நீலகிரியின் தோடர் ஒருவர் இங்கே நிற்கலாம். அதேபோல ஏற்காட்டுக்காரர் சேலம் தெற்குப் பொதுத் தொகுதியிலும் நிற்கலாம். சான்றிதழில் மட்டும் கவனம் தேவை. பட்டியலில் மலையாளி என்ற பெயர், பழைய சேலம், தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்கு என வரையறுக்கப்பட்டுள்ளது. ஈரோட்டு மலைகளில் வாழும் அதே பெயருடைய மக்கள் இதனால் விடுபட்டிருப்பது நெடுநாள் மனக்குறை. பழங்குடியினர் சான்றிதழை வட்டாட்சியர் வழங்குவதில்லை. வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரே வழங்குகிறார் என்பதால், வேட்புமனுத் தாக்கல் தொடங்கிய பிறகு விண்ணப்பித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

பொது வேட்பாளருக்கு 10,000 ரூபாயாக உள்ள டெபாசிட், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000 ரூபாய். பொதுத் தொகுதியில் நின்றாலும் இச்சலுகை உண்டு. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாமல் தோற்றவருக்கு அத்தொகை திரும்பாது.

மக்களவைத் தேர்தலில் நிலைமை வேறு. ஏற்காட்டு வாக்காளர் சேலம் மக்களவைத் தொகுதியில் அல்ல, கள்ளக்குறிச்சியில் சேர்கிறார். தமிழ்நாட்டின் 39 மக்களவை இடங்களில் பழங்குடியினருக்கென ஒன்றும் ஒதுக்கப்படவில்லை. இதனாலேயே ஏற்காடும் சேந்தமங்கலமும் எண்ணிக்கையை மீறிய முக்கியத்துவம் பெறுகின்றன. சட்டமன்ற ஒதுக்கீட்டுக்கும் காலவரம்பு உண்டு: 104ஆவது திருத்தத்தின்படி, அரசமைப்பு நடைமுறைக்கு வந்ததிலிருந்து 80 ஆண்டுகள், அதாவது 2030 ஜனவரி வரை அது நீடிக்கும், அதன் பிறகும் தொடர நாடாளுமன்றம் மீண்டும் திருத்தம் நிறைவேற்ற வேண்டும்.