அப்போப்டோசிஸ்: தமிழில் ‘தன்மடிவு’

செல் முக்கியமாக இரண்டு விதமாகச் சாகும். அடிபட்டோ ரத்த ஓட்டம் நின்றோ சாகும்போது அது ஊதி வெடிக்கிறது. உள்ளே இருந்தது வெளியே கொட்டி, அக்கம்பக்கம் வீங்கிப் புண்ணாகிறது. இது நெக்ரோசிஸ், தமிழில் நசிவு. இன்னொன்றில், செல்லுக்குள்ளேயே இருக்கும் நொதிகள் அதைப் படிப்படியாகப் பிரித்துப் போடுகின்றன. செல் சுருங்குகிறது, உட்கரு துண்டுதுண்டாகிறது, கடைசியில் முழுச் செல்லும் சவ்வு மூடிய சிறு உருண்டைகளாகப் பிரிகிறது. அவற்றை விழுங்குசெல்கள் சத்தமில்லாமல் தின்றுவிடுகின்றன, வீக்கம் வருவதில்லை. இதுதான் அப்போப்டோசிஸ்.

கருவில் உடல் உருவாவதற்கே இந்தச் சாவு வேண்டும். கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் கருவின் கை ஒரு துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். விரல்களுக்கு நடுவே உள்ள செல்கள் மடிய மடியத்தான் ஐந்து விரலும் தனித்தனியாகப் பிரிகின்றன. வாத்தின் காலில் அந்த இடைச் செல்களில் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்வதால் விரலிடைச் சவ்வு தங்கிவிடுகிறது. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற 1 மில்லிமீட்டர் புழுவில் இதை எண்ணியே பார்த்துவிட்டார்கள். ஆண், பெண் இரு தன்மையும் கொண்ட இருபால் புழுவின் வளர்ச்சியில் உருவாகும் 1,090 உடற்செல்களில் 131 மடிந்து 959 மிஞ்சும். அப்படிப்பட்ட ஒவ்வொரு புழுவிலும் மடிவது அதே 131 செல்கள்! இந்தப் புழு ஆய்வுக்காக சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் மூவரும் 2002இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்தச் சொல்லை அறிவியலுக்குக் கொண்டுவந்தது ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலஸ்டர் கரி ஆகியோர் 1972இல் எழுதிய கட்டுரை. அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கோர்மாக் எடுத்துக்கொடுத்த சொல் இது. ‘அப்போ’ என்றால் விலகி, ‘ப்டோசிஸ்’ என்றால் விழுதல். மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் உதிர்வதைச் சொல்லும் கிரேக்கச் சொல்.

அப்படியென்றால் ‘செல் உதிர்வு’ என்று சொல்லிவிடலாமே? எனக்கும் ஆசைதான். உதிர்ந்த பூவுக்குச் சங்கத் தமிழில் ‘வீ’ என்று பெயர்; ‘வீதல்’ என்றால் இறத்தல். பூ உதிர்வதையும் உயிர் போவதையும் ஒரே எழுத்தில் வைத்திருக்கும் மொழி இது. ஆனால் ‘செல் உதிர்வு’ என்றதும் தோலிலிருந்து இறந்த செல்கள் உதிர்வதுதான் ஞாபகத்துக்கு வரும், அது வேறு. அதோடு, அப்போப்டோசிஸில் பெரும்பாலான செல்கள் எங்கும் போய் விழுவதில்லை, இருந்த இடத்திலேயே சுருங்கி முடிகின்றன.

ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள ‘தன்மடிவு’ அதனால்தான் மேல் என்கிறேன். ‘மடிதல்’ சாவையும் குறிக்கும், உள்நோக்கி மடங்குவதையும் குறிக்கும். ‘தன்’ என்ற முன்சொல் நசிவிலிருந்து இதைப் பிரித்துக் காட்டிவிடுகிறது. செல், உயிரணு, கலம் என்று அவரவர் வழக்கப்படி எதை வேண்டுமானாலும் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். சிலர் ‘திட்டமிட்ட செல் இறப்பு’ என்று எழுதுகிறார்கள். அது வேறு வகைச் சாவுகளையும் அடக்கிய பெரிய தலைப்பு. இதற்கு மட்டும் வைத்தால் குழப்பம்தான்.

வினையாகவும் நன்றாக வருகிறது: ‘செல் தன்மடிவடைகிறது’, ‘மருந்து தன்மடிவைத் தூண்டுகிறது’. சில ரத்தப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் வெனெட்டோகிளாக்ஸ் அப்படிப்பட்ட மருந்து. தன்மடிவைத் தடுத்து நிறுத்தும் பிசிஎல்-2 என்ற புரதத்தை அது முடக்குகிறது. அப்புறம் புற்றுசெல்கள் மடியத் தொடங்குகின்றன.