தராசு நிலவுக்குப் போனால்

"என் எடை 60 கிலோ" என்றால் இயற்பியல் ஆசிரியர் முகத்தைச் சுளிப்பார். கிலோகிராம் நிறையின் அலகு, எடைக்கு நியூட்டன். 60 கிலோ நிறையுள்ளவரின் எடை ஏறக்குறைய 588 நியூட்டன். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. இலங்கைப் பாடநூலில் 'நிறை' என்றாலே எடைதான். தமிழ்நாட்டு மாணவர் நிறை என்பதை அங்கே 'திணிவு' என்பார்கள். எனக்கென்னவோ திணிவுதான் பொருத்தமான சொல்லாகப் படுகிறது. இங்கே தமிழ்நாட்டு வழக்கிலேயே போவோம்.

சரி, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பழைய தட்டுத் தராசில் ஒரு பக்கம் படிக்கல், மறுபக்கம் வெங்காயம். இரண்டையும் பூமி இழுக்கிறது. முள் நடுவில் நின்றால் இரண்டின் நிறையும் சமம். பழைய பேப்பர்காரர் கொக்கியில் மாட்டித் தூக்கும் வில் (ஸ்பிரிங்) தராசில் படிக்கல்லே கிடையாது. பேப்பர் கட்டைப் பூமி எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுக்கு வில் நீளும். அந்த இழுப்புதான் எடை.

இரண்டையும் நிலவுக்குக் கொண்டுபோவோம். அங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான். 6 கிலோ பேப்பரை வில் தராசு 1 கிலோ என்று காட்டும், பேப்பர்காரருக்குக் கொண்டாட்டம். தட்டுத் தராசு அசராது. பேப்பரின் எடை குறைந்த அதே விகிதத்தில் படிக்கல்லின் எடையும் குறைந்துவிட்டதே!

இப்போது கடைக்குக் கடை இருக்கும் மின்னணுத் தராசு, வில் தராசுக்குத் தம்பி. உள்ளே ஓர் உலோகத் துண்டு பாரத்தில் துளி வளைகிறது. அந்த வளைவைத்தான் கிலோவாக மாற்றிக் காட்டுகிறது. ஆனால் ஈர்ப்பு முடுக்கம், அதாவது விழும் பொருளின் வேகம் நொடிக்கு நொடி கூடும் அளவு, பூமியிலேயே எல்லா இடத்திலும் ஒன்றல்ல. நிலநடுக்கோட்டில் 9.78 மீ/வி², துருவங்களில் 9.83 மீ/வி². நடுக்கோட்டில் சரிபார்த்த நகைக்கடைத் தராசைத் துருவத்தில் வைத்தால், 8 கிராம் பவுன் சுமார் 40 மில்லிகிராம் கூடுதலாகத் தெரியும். அதனால்தான் துல்லியமான தராசைப் புது ஊருக்குக் கொண்டுபோனால், நிறை தெரிந்த கட்டியை வைத்துத் திரும்பச் சரிபார்க்கிறார்கள். 1672-இல் நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேனுக்குப் போன பிரெஞ்சு வானியலாளர் ஜான் ரிஷே, பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியதைக் கண்டார். காரணம் இதே ஈர்ப்புக் குறைவுதான்.

நிலவில் 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்குவது இங்கே 4 கிலோவைத் தூக்குவது போல இருக்கும். அதற்காக, கயிற்றில் ஊசலாடி வரும் மூட்டையின் எதிரே போய் நிற்க வேண்டாம். அதே வேகத்தில் வந்தால் இங்கே விழும் அடிதான் அங்கேயும் விழும். நகரவும் நிற்கவும் ஒரு பொருள் காட்டும் முரண்டுதான் நிறை. அது நிலவிலும் குறையாது.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் எந்தத் தராசும் உதவாது. 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு கிட்டத்தட்ட 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. ஆனால் நிலையமும் ஆளும் தராசும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால், தராசை அழுத்த ஒன்றுமில்லை. அப்புறம் உடம்பு இளைத்ததா என்று எப்படிப் பார்ப்பார்கள்? வில் பொருத்திய கருவியில் ஏறிப் பிடித்துக்கொள்வார்கள். அது முன்னும் பின்னும் ஆடும். ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று அளந்தால் போதும். நிறை கூடினால் ஆட்டம் மெதுவாகும்.