முதலில் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள்

இங்கிலாந்தில் ஒரு கிராமத் தேவாலயம். நடைபாதையில் ஒட்டியிருந்த கம்பளத்தை உரித்ததுமே குப்பென்று ஓத வாடை. கால் சில்லிடுகிறதே என்று எப்போதோ போட்டிருக்கிறார்கள். அடிப்பக்கம் முழுக்க ரப்பர். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் விக்டோரியா காலத்து டைல்ஸுக்குள் உப்புப் பூத்திருந்தது. விரல் வைத்தால் சிவப்பு மாவாக உதிர்கிறது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் எனக்கு இது பழகிப்போன காட்சிதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

ஏனென்றால் இந்த டைல்ஸில் பூவேலை மேலே தீட்டியதல்ல. ஈரக் களிமண்ணை அச்சில் அழுத்துவார்கள். பூ இருக்கவேண்டிய இடம் பள்ளமாகப் பதியும். அந்தப் பள்ளத்தில் வேறு நிறக் களிமண்ணைக் கூழாகக் கரைத்து, வழிய வழிய ஊற்றுவார்கள். இறுகியதும் மேல்மட்டத்தைச் சுரண்டினால் பூ பளிச்சென்று தெரியும். அப்புறம் நன்றாக உலர்த்திச் சூளையில் வைப்பார்கள். இரண்டு மண்ணும் ஒரே அளவு சுருங்கவேண்டும்; இல்லையென்றால் பூ தனியே கழன்றுவிடும். சாமுவேல் ரைட் 1830இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டில் ஹெர்பர்ட் மின்டன் பல வருடம் மண்ணைக் கெடுத்துக் கெடுத்துத்தான் பக்குவம் கண்டார்.

அந்த மின்டன் தரையைப் பார்க்க ஸ்டாஃபோர்ட்ஷயரின் சீடில் ஊருக்குப் போங்கள். ஷ்ரூஸ்பரி பிரபுவின் பணத்தில் கட்டடக் கலைஞர் பியூஜின் கட்டி, 1846இல் திறந்த செயின்ட் ஜைல்ஸ் தேவாலயம். தூண், சுவர், கூரை எங்கும் ஸ்டென்சில் வைத்துத் தீட்டிய வண்ணம். எனக்கே முதல் தடவை கொஞ்சம் திகட்டியது.

இப்படிப்பட்ட சுவர்கள் பலவற்றுக்கு 20ஆம் நூற்றாண்டில் வெள்ளையடித்துவிட்டார்கள். உங்கள் தேவாலயத்தின் வெள்ளைச் சுவருக்குப் பின்னாலும் தங்க நட்சத்திரம் இருக்கலாம். அதன்மேல் எமல்ஷன் பெயின்ட் அடித்தால் சுவரும் மூச்சுவிட முடியாமல் ஓதம் காக்கும்.

தரைக்கு ஆசிட் வேண்டவே வேண்டாம். இணைப்புச் சுண்ணாம்பைத் தின்றுவிட்டு, புதிதாக உப்பையும் விட்டுப்போகும். வெள்ளையாகப் பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து திரும்ப உள்ளேயே இறங்கும். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டி அள்ளினால் போதும்.

அந்தக் கிராமத் தரையைக் காயவிட்டு மாதக்கணக்கில் பிரஷ்ஷால்தான் பெருக்கினோம். "சரி, ஞாயிற்றுக்கிழமை கால் குளிருமே?" என்று ஒரு பாட்டி கேட்டார். காற்றுப் போகிற தென்னைநார்ப் பாய் ஒன்றை ஒட்டாமல் விரித்து, பூசை முடிந்ததும் சுருட்டி வைக்கச் சொன்னேன்.