போல்டரிங் – துறுகல் ஏறுதல்

தனித்து நிற்கும் பெரிய கல்லொன்றில் கயிறு கட்டாமல், பெரும்பாலும் நான்கைந்து மீட்டர் உயரத்துக்குள், கைகால்களை மட்டுமே நம்பி ஏறும் விளையாட்டுக்குப் போல்டரிங் என்று பெயர். நம் செய்திகளில் இதுவும் மலையேற்றம் என்றே வருகிறது. எவரெஸ்ட் பயணத்துக்கும் இதற்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது.

போல்டர் என்பது ஸ்காண்டிநேவியாவிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல்லாகக் கருதப்படுகிறது. சுவீடனின் வட்டார வழக்கில் 'புல்லர்ஸ்டேன்' என்றால் இரையும் கல். ஆற்றின் நடுவே கிடந்து நீரை இரைய வைக்கும் பெருங்கல்லுக்கு அந்தப் பெயர்.

முதலில் இது ஆல்ப்ஸ் சிகரங்களுக்குப் போகிறவர்களின் பயிற்சியாகவே இருந்தது. பாரிஸுக்குத் தெற்கேயுள்ள பொந்தன்புளோ காட்டின் மணற்கற்களில் பலர் பழகினார்கள். அவர்களில் ஒருவரான பியேர் அலென் வடிவமைத்த, வழவழப்பான ரப்பர் அடி கொண்ட காலணிதான் இன்றைய ஏறுகாலணிகளுக்கு முன்னோடி.

பயிற்சியாக இருந்ததைத் தனிக் கலையாக நிமிர்த்தியவர் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஜான் கில். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிய அவர், விரல் வியர்வையை உறிஞ்சும் மெக்னீசியம் கார்பனேட் பொடியை 1950களில் அந்தக் கூடத்திலிருந்து பாறைக்குக் கொண்டுவந்தார். உடலை வீசி எட்டாத பிடியைப் பற்றும் பாய்ச்சலும் அவர் வளர்த்ததே. 1961இல் தெற்கு டகோட்டாவில் திம்பிள் என்ற சுமார் 9 மீட்டர் கல்லில் கயிறின்றி ஏறினார். கீழே வாகனங்களுக்கான தடுப்புவேலி. விழுந்தால் அதன்மேல்தான் விழ வேண்டும். கீழே விரிக்கும் தடித்த மெத்தைகள் 1990களில்தான் பரவலாயின. 1969இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று, சிகரத்தைத் தொடாத ஏற்றத்துக்கும் தனி மதிப்பு உண்டு என்பதைப் பலருக்கு உணர்த்தியது.

இதன் உறவுகளையும் பிரித்தறிய வேண்டும். லீட் என்பதில் ஏறுகிறவர் தன் கயிற்றை வழியிலுள்ள கொக்கிகளில் மாட்டிக்கொண்டே உயரே போகிறார். ஸ்பீடு என்பது 15 மீட்டர் செயற்கைச் சுவரில் நடக்கும் ஓட்டப்பந்தயம். ஃப்ரீ சோலோவிலும் கயிறில்லை. ஆனால் அங்கே உயரம் உயிரைக் குடிக்கும்.

தமிழில் என்ன சொல்வது? பாறையேற்றம் என்பது இந்தக் குடும்பம் முழுமைக்கும் பொதுப்பெயராக இருக்கட்டும். பாறாங்கல் ஏற்றம் என்றால் லாரியில் கல் ஏற்றுவதாகத் தொனிக்கிறது. சங்கத் தமிழில் துறுகல் இருக்கிறது. துறு என்றால் செறிதல், நெருங்குதல். வேங்கைப் பூ உதிர்ந்து கிடக்கும் துறுகல் புலிக்குட்டிபோல் தோன்றுவதாகக் குறுந்தொகையின் 47ஆம் பாடல் சொல்கிறது. மலையையோ செங்குத்துப் பாறையையோ யாரும் புலிக்குட்டி என்று எண்ண மாட்டார்கள். காட்டில் தனித்துக் கிடக்கும் திரண்ட கல்லே அப்படித் தோன்றும். பல நாட்டு வீரர்கள் ஏறப் பழகும் ஹம்பியின் கருங்கற்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருத்தம் உடனே புரியும். ஆகவே துறுகல் ஏறுதல் என்பதையே பரிந்துரைக்கிறேன்.

இதற்கான தேவையும் நெருங்கிவிட்டது. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் துறுகல் ஏறுதலுக்கும் லீட்டுக்கும் சேர்த்து ஒரே பதக்கம், ஸ்பீடுக்குத் தனிப் பதக்கம். லாஸ் ஏஞ்சல்ஸ் 2028இல் மூன்றுக்கும் தனித்தனிப் பதக்கங்கள்.