கிறிஸ்துமஸ் பான்கேக்கின் மேல் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

கிறிஸ்துமஸ் அன்று காலையில் வீட்டில் முதலில் எழுந்துகொள்வது குழந்தைகள்தான். பெரியவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவதற்குள் அவர்களுக்குப் பசி வந்துவிடும். தவழும் குழந்தையிலிருந்து தாத்தா பாட்டி வரை எல்லோரும் ஒரே மேசையில் உட்காரும் அந்தக் காலைக்குப் பான்கேக் அருமையான உணவு. சீக்கிரம் வேகும், மென்மையாக இருக்கும், பிடித்த உருவத்தில் சுடலாம். குழந்தை மருத்துவராக எனக்குக் கவலை தருவது பான்கேக் அல்ல, அதன் மேல் ஏறும் பொருள்கள்தான். அலங்காரத்தை முடிந்தவரை மாவிலேயே செய்துவிட்டால் இந்தக் கவலையில் பெரும்பகுதி போய்விடும்.

பண்டிகைப் பான்கேக் படங்களில் வழக்கமாக என்ன இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கலைமானுக்கு மூக்கு ஒரு முழு செர்ரி. பனி மனிதனுக்கு உடம்பு மார்ஷ்மெல்லோ. கண்ணுக்குக் கெட்டியான மிட்டாய். சான்டாவின் தொப்பியாக ஒரு ஸ்ட்ராபெர்ரி, அது சாயாமல் நிற்க உள்ளே ஒரு பல்குத்தி. இவை ஒவ்வொன்றும் சிறு குழந்தையின் தொண்டையில் மாட்டக்கூடியவை. நான்கு வயதுக்குள் கடைவாய்ப் பற்களால் நன்றாக அரைத்து விழுங்கும் பழக்கம் முழுமையாக வந்திருக்காது. மூச்சுக்குழாயோ மிகக் குறுகல். முழு திராட்சை மாதிரி உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கும் பொருள் அந்தப் பாதையை இடைவெளியே இல்லாமல் அடைத்துவிடும். மார்ஷ்மெல்லோ எச்சில் பட்டதும் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், இருமினாலும் லேசில் நகராது.

திராட்சையையும் செர்ரியையும் விதை நீக்கி, நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். குறுக்கே வட்டமாக வெட்டினால் போதாது. வட்டத் துண்டும் அதே வேலையைத்தான் செய்யும். சாசேஜுக்கும் இதுதான் விதி. புளூபெர்ரியை விரலால் நசுக்கி வைக்கலாம். முழு பாதாம், முந்திரி, கெட்டி மிட்டாய், மார்ஷ்மெல்லோ ஆகியவை நான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் உட்காரும் மேசைக்கே வேண்டாம். பல்குத்தியும் வேண்டாம்.

'சின்னவனுக்குத் தனித் தட்டு வைத்துவிடுகிறோமே' என்று பெற்றோர் சொல்வார்கள். நடைமுறையில் அது நிற்பதில்லை. நான்கு வயது அக்கா தன் தட்டிலிருந்த கலைமானின் மூக்கை எடுத்துத் தம்பி வாயில் பாசத்தோடு ஊட்டிவிடுவாள். யாரும் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். அதனால் மேசையில் இருக்கும் மிகச் சிறிய வாய்க்கு ஏற்றபடிதான் எல்லாத் தட்டுகளின் அலங்காரமும் இருக்க வேண்டும்.

ஒருவேளை புரையேறினால், குழந்தை பலமாக இருமும்வரை இரும விடுங்கள். சத்தமே வராமல் திணறினால் முன்னால் குனியவைத்து, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதிலும் வரவில்லையென்றால், பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே கையை வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். ஒரு வயதுக்குள் வயிற்றை அழுத்தக் கூடாது. முதுகில் தட்டுவதும், நெஞ்சின் நடுவே ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்துவதும்தான். இரண்டையும் மாறி மாறிச் செய்துகொண்டே இருங்கள், இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை வாயில் விரலை விட்டுத் துழாவாதீர்கள், அது இன்னும் உள்ளே போய்விடும்.

அடுத்தது மினுமினுப்புத் தூள். பனி மாதிரி பளபளக்கட்டும் என்று இதைத் தூவுகிறார்கள். டப்பாவில் 'நச்சுத்தன்மையற்றது' என்று போட்டிருந்தால் அது உண்ணத் தக்கது என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் 2018-ல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிறந்தநாள் கேக் சாப்பிட்ட 6 குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. கேக்கில் பூசிய உலோக நிறத் தூளில் செம்பு ஏராளமாக இருந்தது. அடுத்த ஆண்டு மிசௌரியில் ஒரு வயதுக் குழந்தையின் கேக்கை அலங்கரித்த தூளில் கால் பங்கு ஈயம். இரண்டையும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-ல் அறிக்கையாக வெளியிட்டது. சேர்மானப் பட்டியல் முழுதாக அச்சிட்டு, உண்ணக்கூடியது என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் வாங்குங்கள். அப்படி இல்லாதது கைவினைப் பொருள், சாப்பாட்டுப் பக்கமே வரக் கூடாது. தட்டின் ஓரத்தில் அழகுக்காக ஹாலி என்ற கிறிஸ்துமஸ் அலங்காரச் செடியின் இலையும் சிவப்புப் பழமும் வைப்பதையும் விட்டுவிடுங்கள். அந்தப் பழம் நஞ்சு.

தேன் பற்றி ஒன்று. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது என்பது பலருக்குத் தெரியும். 'மாவில் கலந்து சுட்டுவிட்டோமே, பரவாயில்லையா' என்ற கேள்விதான் அடிக்கடி வரும். பரவாயில்லை என்று சொல்ல முடியாது. குழந்தைகளுக்கு பாட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைத் தரும் கிருமியின் வித்துக்கள் தவாவின் சூட்டில் சாவதில்லை. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை சாப்பிடப் போகிறதென்றால் மாவிலும் வேண்டாம், மேலேயும் வேண்டாம்.

போன கிறிஸ்துமஸுக்குப் பிரித்த பான்கேக் மிக்ஸ் பாக்கெட் அலமாரியில் இருக்கிறதா? அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் திறந்து கிடக்கும் மாவில் வீட்டுத் தூசியில் இருக்கும் நுண்பூச்சிகள் பெருகும். தூசி ஒவ்வாமை உள்ளவர்கள் அந்த மாவில் செய்ததைச் சாப்பிட்டால் சில நிமிடங்களிலேயே உடம்பு தடித்து, மூச்சு இறுக்கி, உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். 1990-களிலிருந்தே மருத்துவ இதழ்களில் பதிவாகிவரும் இதற்கு 'பான்கேக் சிண்ட்ரோம்' என்றே பெயர். சுடும்போது பூச்சி செத்தாலும் ஒவ்வாமை தரும் புரதம் அழியாது. ஆஸ்துமா, தும்மல் தொல்லை உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் பிரித்த மாவைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மாவு கலக்கும்போது குழந்தைகள் கரண்டியை நக்குவார்கள். பச்சை முட்டையை நினைத்துத்தான் எல்லோரும் தடுப்பார்கள், ஆனால் பச்சை மாவும் பாதுகாப்பானதல்ல. 2016-ல் அமெரிக்காவில் 24 மாநிலங்களில் 63 பேருக்கு ஈ. கோலை என்ற குடல் கிருமியின் தொற்று வந்ததற்குக் காரணம் கோதுமை மாவுதான்.

சரி, இனி அலங்காரத்துக்கு வருவோம். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 125 கிராம் மைதா, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு முட்டை, 180 மில்லி பால், 2 மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய். சாதாரணப் பான்கேக்குக்குக் கட்டிகள் கொஞ்சம் இருந்தாலும் அப்படியே விட்டுவிட வேண்டும். ரொம்பக் கலக்கினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். படம் வரையப்போகும் மாவை மட்டும் வடிகட்டி, இன்னும் கொஞ்சம் பால் விட்டுத் தளர்த்துங்கள், இல்லையென்றால் பாட்டிலின் மூக்கு அடைத்துக்கொள்ளும். கெச்சப் பாட்டில் மாதிரி பிதுக்கும் பாட்டில் போதும்.

மூன்று மேசைக்கரண்டி மாவில் ஒரு தேக்கரண்டி கோகோ கலந்தால் கோடு போடும் மாவு தயார். தவாவில் லேசாக வெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, மிகக் குறைந்த தீயில் கோகோ மாவால் கொம்பு, கண், முகத்தின் விளிம்பு எல்லாம் வரையுங்கள். கோடு கெட்டியாகும் வரை அரை நிமிடம் பொறுத்து, வெள்ளை மாவை அதன் மேல் ஊற்றி உள்ளே நிரப்புங்கள். குமிழிகள் வந்து உடைந்து, ஓட்டை மூடாமல் நின்றதும் தட்டைக் கரண்டியால் திருப்பினால் கலைமான் தெரியும். கோகோ இல்லாமலும் இதே வித்தை நடக்கும். முதலில் விழுந்த மாவு அதிக நேரம் சூட்டில் இருப்பதால் அந்தக் கோடு தானாகவே கருத்துச் சிவக்கும். வரைந்த பக்கம் அடியில் இருப்பதால் படம் இடம் வலமாக மாறித்தான் வரும். குழந்தையின் பெயரை எழுத ஆசைப்பட்டால், ஒரு தாளில் கறுப்பாக எழுதி, தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதில் தெரிவதை அப்படியே தவாவில் எழுதினால் சுட்டபின் நேராக இருக்கும். தன் பெயரைத் தட்டில் பார்க்கும் குழந்தை மிட்டாய் மூக்கைத் தேடுவதே இல்லை.

மரத்துக்குப் பச்சை வேண்டுமென்றால் பசலைக்கீரையைப் பாலோடு அரைத்துச் சேர்க்கலாம், வாசனை தெரியாது. சிவப்புக்கு வேகவைத்த பீட்ரூட் விழுது. தீ கூடினால் அது பழுப்பாகிவிடும், அதனால் மூக்கு மாதிரிச் சின்னப் புள்ளிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் குழந்தையின் மலமோ சிறுநீரோ சிவந்து வரலாம். இரத்தம் என்று பயந்து பண்டிகை விடுமுறையில் அவசரப் பிரிவுக்கு ஓடிவரும் பெற்றோரை நாங்கள் பார்க்கிறோம். முந்தின நாள் என்ன கொடுத்தோம் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பீட்ரூட்டே தராமல் சிவந்திருந்தாலோ, குழந்தை சோர்வாக இருந்தாலோ கட்டாயம் வாருங்கள்.

மேலே ஏதாவது வேண்டும்தான் என்றால் பனிக்கு ஐசிங் சுகர் போதும். காகிதத்தில் பனிப்பூ வடிவத்தை வெட்டிப் பான்கேக்கின் மேல் வைத்துச் சலித்தால் அழகாகப் பதியும். ஆவி அடங்கியபின் தூவுங்கள், சூட்டில் கரைந்துபோகும். சான்டாவின் தாடிக்கு அடித்த கிரீம், தொப்பிக்கு மெல்லிசாகச் சீவிய ஸ்ட்ராபெர்ரி.

விருந்தாளிகளின் குழந்தைகளுக்கு முட்டையோ பாலோ நிலக்கடலையோ ஒவ்வாதா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். முட்டைக்குப் பதில் மசித்த வாழைப்பழமும், பசும்பாலுக்குப் பதில் ஓட்ஸ் பாலும், வெண்ணெய்க்குப் பதில் எண்ணெயும் போட்டு, அந்தக் குழந்தைக்கானதை முதலில், சுத்தமான தவாவில், தனிக் கரண்டியால் சுட்டு எடுத்துவையுங்கள். கடைசியில் சுட்டால் முன்பு ஒட்டியதன் மிச்சம் அதிலும் ஏறிவிடும்.

சுடும் நேரத்தில் குழந்தைகளுக்கு மேசைப் பக்கம் வேலை கொடுங்கள்: சலிப்பது, பழம் அடுக்குவது. மேசையில் பட்டன் பேட்டரி விளக்குகள் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். விழுங்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். சூடான சிரப் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும். உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, வெண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். முகம், கை அல்லது மூட்டில் பட்டிருந்தாலோ, கொப்புளம் கிளம்பினாலோ, தண்ணீரில் காட்டி முடித்ததும் சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.