பறவைத் தன்னார்வலர் பயிற்சி: முதலில் நான்கு கொக்குகள்

பொங்கலையொட்டி ஏரிக்கரைகளில் புதுமுகங்கள் நிறையத் தென்படும். 1987 முதல் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் ஜனவரியில் வருகின்றன. ஆர்வத்தோடு வருபவர்களை உட்கார வைத்து முதல் நாளே 60 பறவைகளின் படங்களைத் திரையில் ஓட்டுவதுதான் பயிற்சியில் அடிக்கடி நடக்கும் தவறு. மறுநாள் கரையில் நின்றால் ஒன்றும் நினைவிருக்காது.

நான்கு வெண்கொக்குகளில் தொடங்குங்கள். உள்நாட்டு ஏரிகளில் சின்ன வெண்கொக்கின் கருங்காலில் விரல்கள் மட்டும் மஞ்சளாக இருக்கும். உண்ணிக்கொக்குக்குக் குட்டையான மஞ்சள் அலகு; மாட்டின் பின்னாலேயே திரியும். குழப்பம் பெரியதற்கும் நடுத்தரத்துக்கும் இடையில்தான். வாயின் பிளவுக்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய வெண்கொக்கு, கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தர வெண்கொக்கு. அலகின் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. இனப்பெருக்கக் காலத்தில் பெரிய வெண்கொக்கின் மஞ்சள் அலகு கறுத்துவிடும். மடையான் என்னும் குளத்துக்கொக்கும் ஏமாற்றும்: உட்கார்ந்திருந்தால் சேற்று நிறம், பறந்தால் வெள்ளை. இந்த ஐந்தையும் தடுமாறாமல் சொல்பவருக்கு மற்ற பறவைகளைப் பார்க்கும் கண் தானாக வந்துவிடும். எதை உற்றுப் பார்ப்பது என்பது அதற்குள் பழகியிருக்கும்.

பைனாகுலர் 8 மடங்கு பெரிதாக்குவதாக, 42 மி.மீ. வில்லையோடு இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் புதியவர் கையில் படம் ஆடும்.

அடுத்தது எண்ணுதல். இதற்குப் பலரும் நேரம் ஒதுக்குவதில்லை. கறுப்புத் துணியில் இரண்டு பிடி பச்சரிசியைத் தூவி, ஐந்து வினாடி காட்டி மூடிவிடுங்கள். எத்தனை என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொல்லி, பிறகு எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் எல்லோரும் குறைத்தே எழுதியிருப்பார்கள். ஏரியிலும் இதுதான் நடக்கிறது. முதலில் 10 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை அடைத்திருக்கும் இடத்தின் அளவைக் கண்ணில் பிடித்துக்கொண்டு அதையே கூட்டத்தின் மேல் அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போக வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் 100 பறவைகளை ஒரு அளவாகக் கொள்ளலாம். வாத்துக் கூட்டம் நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் கலைந்தும் இருப்பதால், இரண்டு இடத்துக்கும் அளவைத் தனித்தனியாக எடுக்க வேண்டும். முக்குளிப்பான் மூழ்கி மூழ்கி எழும். மூன்று முறை எண்ணி, அதிகமான எண்ணை எழுதுங்கள். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நிற்பது முக்கியம். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான்.

பறவைப் பட்டியல்களைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் பதியும்போது தொடங்கிய நேரம், பார்த்த நிமிடங்கள், நடந்த தூரம் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். குறைந்தது 15 நிமிடம் பாருங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பட்டியல் போடுங்கள். காகமும் மைனாவும் விடுபட்டால் அது முழுப் பட்டியல் ஆகாது. இன்று சாதாரணமாக இருக்கும் பறவை நாளை குறைந்தால், அது குறைந்தது என்று சொல்ல இந்தப் பட்டியல்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கும். எண்ணிக்கைக்குப் பதில், ‘இருந்தது’ என்று மட்டும் காட்டும் எக்ஸ் (X) போடுவதைவிடத் தோராயமான எண் மேல். இனம் பிடிபடவில்லையா, ‘கொக்கு, இனம் தெரியவில்லை’ என்று பதிய வசதி இருக்கிறது, தயங்காமல் பயன்படுத்துங்கள். மெர்லின் செயலி குரலைக் கேட்டுச் சொல்லும் பெயரைத் துப்பாக மட்டும் கொள்ளுங்கள். வல்லூறு போலக் கத்தும் கரிச்சான் நம் ஊரிலேயே உண்டு.

மக்களை அழைத்துப்போகும்போது ஒரு தன்னார்வலருக்கு 15 பேருக்கு மேல் வேண்டாம். பெயர்களை அடுக்காமல் ஒரு பறவையைத் தொலைநோக்கியில் நிறுத்திக் காட்டுங்கள். நத்தைக்குத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி விட்டு நிற்பதைப் பார்த்த குழந்தை, அது ஏன் என்று தானே கேட்கும். நத்தை தின்னும் கதையை அங்கே சொன்னால் மனதில் நிற்கும். விவசாயிகளிடம் பேசும்போது அவர்கள் அறிந்ததிலிருந்து தொடங்குங்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை வேடந்தாங்கல்காரர்கள் தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அருகே கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. நம் அறிவுரையைவிட இந்த ஊர்களின் கதை நன்றாக எடுபடும்.

கூடுகள் இருக்கும் இடத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். படமெடுக்க நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்துவிடும். வெயிலில் இறக்கை விரித்து அது குஞ்சுக்குக் கொடுத்த நிழல் போய்விடும். முட்டையைத் தூக்கக் காகம் காத்திருக்கும். டிரோனும், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் கூடவே கூடாது.

தன்னார்வலருக்கு அதிகம் வரும் அழைப்பு, கீழே விழுந்த குஞ்சு பற்றியது. இறகு முளைத்துத் தத்திக்கொண்டிருந்தால் அது பறக்கப் பழகுகிறது. பக்கத்துப் புதரில் ஏற்றி வைத்து, பூனை நாய் வராமல் தள்ளி நின்று பாருங்கள். இறகில்லாத குஞ்சைக் கூட்டிலேயே வைக்கலாம். மனிதக் கை பட்டதால் தாய் ஒதுக்கிவிடாது. கூடு எட்டாவிட்டால், அடியில் துளையிட்ட சிறு கூடையில் காய்ந்த புல் போட்டு அதே மரத்தில் கட்டுங்கள். பாலோ தண்ணீரோ வாயில் ஊற்றவே வேண்டாம். மூச்சுக்குழாய்த் துளை நாக்கின் அடிப்பகுதியிலேயே இருப்பதால் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். காயம்பட்ட பறவையைக் காற்றோட்டத் துளையுள்ள அட்டைப்பெட்டியில், பருத்தித் துணி விரித்து, இருட்டாக வைத்து வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். நம் நாட்டுக் கிளியானாலும் வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை, அழைத்தவரிடம் அந்தப் பேச்சிலேயே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.